சுவரில் எழுதியது வாயில் நின்றது எப்படி? அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், வள்ளியூர்ப் பக்கம் முப்பது வருஷம் சுவர் விளம்பரம் எழுதியவன் நான். விளம்பர வாசகங்கள் ஊர்ப் பேச்சாக மாறுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சமாதானபுரம் தம்பி: அண்ணாச்சி, ஆயிரம் விளம்பரம் வருது. ஒண்ணு ரெண்டு மட்டும் ஏன் வாயில ஒட்டிக்கிடுது?

பொருளை விட்டுவிட்டுத் தனியாக நடக்கத் தெரிந்த வாசகம்தான் தம்பி ஒட்டும். கல்யாண் ஜுவல்லர்ஸ் விளம்பரத்தில் நடிகர் பிரபு சொல்லும் "நம்பிக்கை, அதானே எல்லாம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தங்கமும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. 'அதானே எல்லாம்' ஏற்கெனவே நம் வீட்டுப் பேச்சு.

போன மாதம் எங்கள் தெரு பலசரக்குக் கடையில் நின்றிருந்தேன். ஒரு அக்கா அரைக் கிலோ துவரம்பருப்பும் கொஞ்சம் நல்லெண்ணெயும் வாங்கிவிட்டு, "ஒண்ணாந்தேதி தாரேன்" என்றார். கடைக்காரர் கணக்கு நோட்டை விரித்தார். பேனா எழுதவில்லை. இரண்டு தடவை உதறிப் பார்த்தார், அப்புறம் நோட்டை மூடிவிட்டு, "நம்பிக்கை, அதானே எல்லாம்" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே பையைத் தூக்கினார். நகைக்கடை யார் நினைப்பிலும் இல்லை. கடைக்காரர் தன் பயத்தையும் சொல்லிவிட்டார், அக்காவின் மரியாதையையும் காப்பாற்றிவிட்டார். "ஏமாத்திராத தாயி" என்று நேராகச் சொல்லியிருந்தால் அந்த அக்கா மறுபடி அந்தப் படி ஏறியிருக்க மாட்டார். வாய் கூசும் விஷயத்தைச் சொல்லக் கைகொடுக்கும் வாசகத்தை ஜனங்கள் விடவே மாட்டார்கள்.

ஆத்தூர் அக்கா (உப்பளத்தில் வேலை): "உங்க டூத்பேஸ்ட்டில் உப்பு இருக்கா?"ன்னு கேட்டாவ. அது ஏன் ஊர்க் கேலி ஆச்சு?

கேட்ட விதம்தான் காரணம். கோல்கேட் விளம்பரத்தில், பல் விளக்குகிறவர் முன்னால் திடீரென்று வந்து நின்று கேட்பார்கள். அழையாமல் வந்து கேள்வி கேட்கும் ஆட்கள் நம் கல்யாண வீடுகளில் இல்லையா? "வேலை கிடைச்சுதா? பொண்ணு பாத்தாச்சா?" என்று துளைக்கும் மாமாவிடம், "எங்க டூத்பேஸ்ட்ல உப்பும் இருக்கு மாமா" என்று ஒரு பையன் சொன்னதைக் காதால் கேட்டேன். மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள் ஊர் சிரித்ததில் ஒரு நியாயமும் உண்டு. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும்வரை அந்த உப்பளங்கள் எல்லாம் நம் திருநெல்வேலி மாவட்டம்தான். உப்பும் கரியும் வைத்துப் பல் தேய்த்தவர்களைப் பற்பசைக்கு மாற்றிவிட்டு, பிறகு அவர்களிடமே வந்து உப்பு இருக்கா என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வள்ளியூர் ஆசிரியை: 'கறை நல்லது'?

சர்ஃப் எக்செல் வாசகம். நாம் நம்புவதற்கு நேர் எதிராக இரண்டே சொல். பிள்ளை சேற்றில் விழுந்து வரும்போது திட்டுவதற்குப் பதிலாகச் சொல்ல ஒன்று கிடைத்தது. அவ்வளவுதான் டீச்சர்.

பேட்டை தம்பி: எழுதும்போதே இது நிக்கும்னு தெரியுமா?

ஓரளவு தெரியும். சுண்ணாம்பு அடித்துக் காய்ந்ததும், நூலைக் கரித்தூளில் தோய்த்துச் சுண்டிக் கோடு போடுவோம். அப்போதே வாசகத்தின் நீளம் கைக்குத் தெரிந்துவிடும். ஓடும் பஸ் ஜன்னலிலிருந்து நாலைந்து சொல்தான் படிக்க முடியும். ஒருவர் பாட்டன் பெயர், விலாசம், மூன்று போன் நம்பர் எல்லாம் சேர்த்து ஒன்பது வரி எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். எதிர் டீக்கடைக்காரருக்கே ஒரு வரி நினைவில்லை.

சங்கரன்கோவில் அண்ணன்: அரசாங்க விளம்பரம் பேச்சுல நிக்குமா?

நிற்கும். குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்தின் சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வரியும் நினைவிருக்கிறதா? அந்த ஓசைக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று, "நாம் இருவர், நமக்கு நால்வர்" என்று தோசைக் கணக்கு சொன்னவரைப் பார்த்திருக்கிறேன்.

2000-களின் தொடக்கத்தில் "புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வி தமிழ்நாடு முழுக்கச் சுவரில் நின்றது. யார் அந்தப் புலிராஜா? அந்தக் கேள்வியே ஊரைப் பேச வைத்தது. வீட்டில் உச்சரிக்கக் கூசிய ஒரு நோயின் பெயரை டீக்கடையில் சத்தமாகச் சொல்ல வைத்த வரி அது. அதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். அப்புறம் ஊருக்கு நாலு பேருக்குப் 'புலிராஜா' பட்டப்பெயராகவும் ஆனது.

டவுண் தங்கச்சி: 'அல்வா கொடுக்கிறது' நம்ம ஊர் விளம்பரமா அண்ணாச்சி?

இல்லம்மா. அதை எந்தக் கடையும் எழுதவில்லை. ஏமாற்றுவதற்கு நம் ஊர் இனிப்பின் பெயர் வந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் "திருநெல்வேலிக்கே அல்வாவா?" என்று நாமே திருப்பிக் கேட்கும்போது அந்த வருத்தம் போய்விடுகிறது. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையைப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தைப் பார்த்து ஜனங்கள் சொன்ன பேர்தான் கடைக்கே நின்றது. அங்கே பேச்சு முதலில் வந்தது, விளம்பரம் அதன் பின்னால் வந்தது.