ஆன்டிபயாடிக்கின் பக்கவிளைவை நான் ஒருவன் மட்டும் தெரிவித்தால் ஏதாவது பயன் உண்டா?

மாத்திரையால் உங்களுக்கு ஏதோ தொல்லை வந்திருக்கிறது, மருத்துவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று ஊகிக்கிறேன். பயன் உண்டு. ஆனால், பக்கவிளைவைத் தெரிவிக்கும் படிவத்தை எவ்வளவு முழுமையாக நிரப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது அமையும்.

என் தந்தைக்கு 71 வயதில் நுரையீரலில் சளி கட்டியதால் லெவோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் குதிகாலுக்கு மேலே வலிக்கிறது என்றார். தொட்டுப் பார்த்தேன், அந்த இடம் தடித்து, சூடாக இருந்தது. மருத்துவரோ, "வயதானால் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று முடித்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஏழாம் நாள் காலை நாற்காலியிலிருந்து எழுந்தவர், யாரோ பின்னாலிருந்து காலில் ஓங்கி அடித்ததுபோல் திடுக்கிட்டுத் திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. குதிகால் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாண், அறுந்திருந்தது.

அன்றிரவே கோபத்தோடு மருந்துக் கண்காணிப்பு மையத்துக்குப் படிவம் அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து அங்கிருந்து பேசிய பெண்மணி, "வேறு என்ன மருந்து சாப்பிட்டார்?" என்றுதான் முதலில் கேட்டார். மூச்சிரைப்புக்காக என் தந்தை பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன். அறுபதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல் என்பதால், அந்த விவரம் இல்லாத என் புகார் பாதிப் புகாராகவே இருந்தது.

ஒருவரின் புகாருக்கு ஏன் மதிப்பு என்றால், 3,000 பேரிடம் சோதித்து ஒருவருக்குக்கூட வராத விளைவு, மருந்து விற்பனைக்கு வந்தபின் ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடும். லெவோஃப்ளாக்சசினின் குடும்பத்தைச் சேர்ந்த டெமாஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் 1992-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, கடுமையான விளைவுகள் பற்றிய புகார்களால் அதே ஆண்டு ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்சசின் 1987-இல் அங்கே அனுமதி பெற்றது. இந்தக் குடும்ப மருந்துகளின் விவரக் குறிப்பில் தசைநாண் பற்றிக் கட்டம் கட்டி அச்சிடும் கடுமையான எச்சரிக்கை வந்ததோ 2008-இல்தான்.

புகார்களின் எண்ணிக்கையை வைத்து ஆபத்து எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது என்பதை நானும் அறிவேன். அந்த மருந்தை எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு அதில் இல்லை, ஊடகத்தில் செய்தி வந்தால் புகார்களும் பெருகும். அதனால்தான் ஒரு மருந்தின் மொத்தப் புகார்களில் தசைநாண் பற்றியவை எத்தனை பங்கு என்பதை மற்ற மருந்துகளின் பங்கோடு ஒப்பிட்டு, அது வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தால் மேலும் ஆராய்கிறார்கள். ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தந்தையின் நுரையீரலைக் காப்பாற்றியதும் அதே மாத்திரைதான்.

எனவே, மருந்து தொடங்கிய நாள், தொல்லை தொடங்கிய நாள், நிறுத்திய நாள், நிறுத்தியபின் குறைந்ததா என்பது, உடன் எடுத்த எல்லா மருந்துகளும் ஆகியவற்றை எழுதுங்கள். மாத்திரை அட்டையை எறிந்துவிடாதீர்கள். மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் தொகுதி எண் (batch number) அதில்தான் இருக்கும். அனுப்பியபின் ஏதாவது நினைவுக்கு வந்தால், புகார் எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதலாம். பிரெட்னிசோலோனை நான் அப்படித்தான் சேர்த்தேன்.