மாருதி 800 எம்பிஎஃப்ஐ: ரகசிய சுவிட்சை அணைத்தும் ஸ்டார்ட் ஆகிறது

திருட்டைத் தடுக்க, பெட்ரோல் பம்புக்குப் போகும் கரண்டை நிறுத்தும் ரகசிய சுவிட்ச் போட்டும், அதை அணைத்த பிறகு உங்கள் எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை அழுத்தத்தில் இன்ஜினுக்குள் தெளிக்கும் வகை) வண்டி ஸ்டார்ட் ஆகிறதா? பெரும்பாலும் வயரிங் தப்பில்லை. பெட்ரோல் பம்பை நிறுத்தினாலும் லைனில் மிஞ்சிய அழுத்தத்தில் இன்ஜின் சில நொடி ஓடித்தான் நிற்கும். திருடனுக்கு அது ரிப்பேர் வண்டி மாதிரி தெரியும், அதுவும் நல்லதுதான்.

சரிபார்க்க: சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின்சீட் பக்கம் இரண்டு மூன்று நொடி பம்ப் ‘ம்ம்ம்’ என்று இரையும். சுவிட்ச் அணைந்திருந்தால் சத்தமே வரக்கூடாது. வந்தால் வேறு வயரை வெட்டியிருக்கிறீர்கள்.

பம்புக்குப் போகும் தடித்த வயரில் சின்ன சுவிட்ச் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், சூடாகி உருகும். பம்பை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே என்ற மின் சுவிட்சின் காயிலுக்கு (அதை இயக்கும் கம்பிச்சுருள்) போகும் வயரில் போடுங்கள், அங்கே கரண்ட் மிகக் குறைவு. ஜாயின்ட்டை முறுக்கி டேப் ஒட்டாமல் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி மூடும் குழாய்) போடுங்கள். லூசானால் ஓடும்போதே வண்டி நின்றுவிடும்.

சுவிட்சை டாஷ்போர்டுக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டாம். திருடன் முதலில் தடவிப் பார்ப்பது அங்கேதான்.