கேள்வி-பதில்: ஹாம் ரேடியோ ஆன்டெனாவுக்குக் கேபிள் வாங்குகிறவர்களுக்கு

கேள்வி: 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) நானே டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணையும் இரட்டைக் கம்பி ஆன்டெனா, கட்டியிருக்கிறேன். டிவி கேபிள் ஒரு சுருள் மிச்சம் கிடக்கிறது. அதை இணைக்கலாமா, புதிதாக 50 ஓம் கேபிள் வாங்க வேண்டுமா?

பதில்: இருப்பதை இணையுங்கள். தடையில்லாத உயரத்தில் நிற்கும் டைபோலின் நடுவில் மின்மறிப்பு 73 ஓம் போல இருக்கும், டிவி கேபிள் 75 ஓம். ரேடியோ பக்கத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5 வாக்கில் காட்டும், அது ஒன்றும் செய்யாது. ஒரே தொல்லை, இந்தக் கேபிள்களில் பலவற்றில் நடுக்கம்பியைச் சூழ்ந்த பின்னல் அலுமினியம். பற்றவைக்க ஈயம் பிடிக்காது. திருகி இறுக்கும் கனெக்டர் போடுங்கள்.

கேள்வி: டைபோலுக்கு 9:1 பேலன் (ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் இடையே மாட்டுவது, ஓமை ஒன்பதில் ஒரு பங்காக்கும்) வாங்கி மாட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கவே இல்லை. பேலன் பழுதா?

பதில்: பேலன் நன்றாகத்தான் இருக்கிறது. 73-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள், 8 ஓம் வரும். உங்கள் ரேடியோ கேட்பது 50. டைபோலுக்கு ஓமை மாற்றாத 1:1 பேலன்தான். பணம் கொடுக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கு இது.

கேள்வி: ஆர்ஜி-58 (மெல்லிய 50 ஓம் கேபிள் வகை) என்று உறையில் அச்சிட்ட கேபிள் வாங்கினேன். உரித்தால் பின்னல் நாலைந்து இழைதான், ஈயம் ஒட்டவில்லை. நடுக்கம்பியைக் காந்தம் இழுக்கிறது. விற்றவர் திரும்ப வாங்க மறுக்கிறார்.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. இதில் எனக்குப் பழைய கோபம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஜி எண்கள் அமெரிக்க ராணுவம் வைத்த பெயர்கள். அந்த முறையை ராணுவமே கைவிட்டு வேறு எண்களுக்குப் போய்விட்டது. இன்று உறையில் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், கேட்க ஆளில்லை. ஒழுங்கான ஆர்ஜி-58-இன் பின்னல், உள்ளே இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் ஏறக்குறைய தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கும். இழைகள் வெள்ளீயம் பூசிய செம்பு. நடுக்கம்பியும் செம்புதான்.

எஃகின் மேல் செம்பு பூசியது என்பதாலேயே ஒரு கம்பி கெட்டது ஆகிவிடாது. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டத்தின் பெரும்பகுதி மேல்தோலில், மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. பூச்சு அதைவிட நன்றாகத் தடிப்பாக இருந்தால் சரி. ஆனால் பின்னலில் கஞ்சத்தனம் செய்தவர் பூச்சில் தாராளம் காட்டியிருப்பார் என்று நான் நம்ப மாட்டேன். என்னிடமும் இப்படி ஒரு முழுச் சுருள் உண்டு, கொடி கட்டத்தான் ஆகும். பில்லையும் உரித்த முனையின் படத்தையும் வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். அடுத்த முறை முதலில் ஒரு மீட்டர் மட்டும் வாங்கி உரித்துப் பாருங்கள். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அலுமினியம். ஒரு மீட்டர் தர மறுக்கும் கடையில் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். தாறுமாறாக ஓடுகிறது. ஆன்டெனா நடுவில் மின்சார டேப் சுற்றியிருந்தேன். விலை கூடிய கனெக்டர் வாங்கினால் தீருமா?

பதில்: தீராது. பிஎல்-259 என்ற வழக்கமான கனெக்டர், என்ன விலைக்கு வாங்கினாலும் மழைக்குத் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை. மின்சார டேப் வெயிலில் பிசின் இளகிப் பிரிந்துவிடும், அப்புறம் தண்ணீர் பின்னல் வழியே கீழே ஊறிக்கொண்டே போகும். முனையிலிருந்து வெட்டிப் பாருங்கள். பின்னல் கறுத்திருக்கும் தூரம் வரை கழிவு. புதிய இணைப்பில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். காடி வாசனை அடிக்கும் சிலிகான் பசை வேண்டாம், அது செம்பை அரிக்கும். கேபிளின் எடையை நடு இன்சுலேட்டர் தாங்கட்டும், ஈயப் பற்றில் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: 7 மெகாஹெர்ட்ஸ், ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்கு 15 மீட்டர் தூரம். இழப்பு குறைவு என்று விரல் தடிமனில் ஒரு கேபிளை வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம். நல்ல ஆர்ஜி-58 இந்தத் தூரத்தில் இழப்பது ஏறத்தாழ அரை டெசிபெல், அதாவது சக்தியில் பத்தில் ஒரு பங்கு போல. தடித்த கேபிளின் பாரத்தில் ஆன்டெனாதான் தொய்யும்.