ஒரே மூலநிரல், பல இயங்குதளங்கள்: கேள்வி பதில்

திறமூலக் கருவி ஒன்றைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். லினக்ஸ், மேக், விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி நான்கிலும் ஓடுகிறது. அதை ஒட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, சி மொழியில ஒரு சின்னக் கருவி எழுதியிருக்கேன். பயன்படுத்துறவங்க எல்லாரும் லினக்ஸ்தான். மத்த இயங்குதளத்துக்காக நான் ஏன் மெனக்கெடணும்?

பதில்: உங்கள் நிரலில் ஒளிந்திருக்கும் பிழையை உங்கள் கணினி காட்டிக்கொடுக்காது தம்பி, அதற்காகத்தான். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் என் கருவியை ஓடவிட்டால் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று ஒருவர் எழுதினார். என் லேப்டாப்பில் நொடியில் முடிகிற வேலை. இரண்டு நாள் தேடினேன். ஒவ்வொரு பைட்டாகப் படித்துத் தரும் கெட்சார் செயற்கூற்றின் மதிப்பை 'இன்ட்' என்ற முழு எண் வகையில் வாங்காமல் 'சார்' என்ற ஒரு பைட் வகையில் வாங்கியிருந்தேன். கோப்பு முடிந்ததும் கெட்சார் தருவது -1. இன்டெல் கணினியில் 'சார்' குறை எண்ணையும் ஏற்கும், அதனால் -1 அப்படியே நிற்கும். ராஸ்பெரி பையில் இருப்பது ஆர்ம் சிப், ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. அங்கே -1 என்பது 255 ஆகிவிடும், முடிவு வந்ததே தெரியாது. சி தரம் இரண்டையும் அனுமதிக்கிறது. இன்டெல்லில் மட்டும் அது சரியாகவா இருந்தது? கோப்பின் நடுவில் 255 என்ற பைட் வந்தால் அங்கேயே முடிந்ததாக எண்ணிப் படிப்பதை நிறுத்திவிடும். எத்தனை பேருக்குப் பாதிக் கோப்போடு விடை கொடுத்ததோ! ராஸ்பெரி பை வைத்திருந்த அந்த மனிதருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

கேள்வி: பழைய மேக் வட்டிலிருந்து 'கொடி' என்ற கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்தேன். பட்டியலில் தெரிகிறது. அதே பெயரைத் தட்டச்சு செய்து திறந்தால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. கண் கெட்டுவிட்டதா?

பதில்: கண்ணில் குறையில்லை. 'கொ'வில் இருக்கும் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நாம் தட்டச்சு செய்யும் 'கொடி' வழக்கமாக 12 பைட். பழைய மேக் வட்டுகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயரைப் பிரித்தே சேமிக்கும், அதனால் அங்கே அது 15 பைட். லினக்ஸ் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. 12-ம் 15-ம் அதற்கு வேறு வேறு கோப்புகள். 'கோ', 'கௌ' எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பெயர்களை ஒப்பிடும் இடத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்தெழுதிய வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். வட்டில் இருக்கும் பெயரைத் தொடாதீர்கள், அது பயனருடையது. நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவி இதற்கென்றே ஓர் அமைப்பு வைத்திருக்கிறது. உங்கள் சோதனைத் தொகுப்பில் 'கொடி', 'கோயில்', 'கௌரி' என்று மூன்று கோப்புகளைச் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்தச் சிக்கல் ஒருநாளும் கண்ணில் படாது. அதைப் பிடிக்க வேண்டியது நாம்தான்.

கேள்வி: சார், என் நிரல் முழுக்க 'விண்டோஸ் என்றால் இது, மேக் என்றால் அது' என்று கம்பைலருக்குச் சொல்லும் ஐஃப்டெஃப் வரிகள் நிரம்பிவிட்டன. படிக்கவே முடியவில்லை.

பதில்: தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன் எஸ்எஸ்எச் செய்ததைப் பாருங்கள். 1999-இல் ஓப்பன் பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காகப் பிறந்தது அது. மூல அணியினர் தங்கள் இயங்குதளத்துக்கு மட்டும் சுத்தமாக எழுதுவார்கள். இன்னொரு அணி அதை மற்ற இயங்குதளங்களுக்குக் கொண்டுபோகும். பதிப்பு எண்ணின் கடைசியில் வரும் 'பி1' அந்த அணியின் அடையாளம். வித்தியாசங்களில் பெரும்பகுதி ஒரே அடைவுக்குள் அடங்கிவிடும். எடுத்துக்காட்டாக, சரத்தைப் பாதுகாப்பாக நகலெடுக்கும் ஸ்ட்ரெல்சிபை என்ற செயற்கூறு ஓப்பன் பிஎஸ்டியில் 1998 முதல் இருக்கிறது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சிக்கு அது வந்தது 2023-இல்தான். இடைப்பட்ட காலமெல்லாம், இல்லாத இடத்தில் அதே பெயரில் தங்கள் நகலை வைத்து ஓட்டினார்கள். கூப்பிடுகிற வரிக்கு எதுவும் தெரியாது.

இன்னொன்று: இயங்குதளத்தின் பெயரைக் கேட்காதீர்கள், வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து பார்த்தால் விடை தெரிந்துவிடும். நாளைக்குப் புதிதாக ஓர் இயங்குதளம் வந்தாலும் உங்கள் வரி மாறாது.

கேள்வி: இப்படி ஒட்டுப்போட்டால் பாதுகாப்பு போய்விடாதா?

பதில்: போகலாம். 2024 ஜூலையில் அதே ஓப்பன் எஸ்எஸ்எச்சில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. ஓடும் நிரலை இடைமறிக்கும் சிக்னல் வந்த நேரத்தில் பதிவேட்டில் எழுத சிஸ்லாக் என்ற செயற்கூறு அழைக்கப்பட்டது. ஜிலிப்சியில் அது உள்ளே நினைவக ஒதுக்கீட்டைத் தொடும், சிக்னல் நேரத்தில் அது ஆபத்து. கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரம் வரை வழி திறந்தது. ஓப்பன் பிஎஸ்டி தப்பியது, ஏனென்றால் அந்த நேரத்துக்கென்றே பாதுகாப்பான தனி வடிவத்தை 2001-லேயே எழுதி வைத்திருந்தார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வாக்குறுதியும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரம் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: உபுண்டுவில் என் ஷெல் ஸ்கிரிப்ட் சில நேரம் உடைகிறது.

பதில்: முதல் வரியில் 'எஸ்எச்' என்று போட்டுவிட்டு உள்ளே பாஷ் என்ற ஷெல்லுக்கே உரிய வசதிகளைப் பயன்படுத்தியிருப்பீர்கள். உபுண்டு 2006-இலேயே அந்த இடத்தில் டாஷ் என்ற எளிய ஷெல்லை வைத்துவிட்டது. ஒப்பிடும்போது இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றை போடுங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: எவ்வளவு பழைய இயங்குதளம் வரை தாங்குவது?

பதில்: பயனர் இருக்கும் வரை. ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியான பிறகு, அதை நகலெடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கிய ஓப்பன் பிஎஸ்டி அணியினர், முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் வெட்டினார்கள். செத்துப்போன இயங்குதளங்களுக்கான வரிகள் அதில் ஏராளம். சில இடங்களில் நினைவக ஒதுக்கீடு மெதுவாக இருக்கிறது என்று ஓப்பன் எஸ்எஸ்எல்காரர்கள் சொந்தமாக ஒரு அடுக்கு கட்டியிருந்தார்கள். நல்ல இயங்குதளங்கள் நினைவகத்துக்குச் செய்யும் காவல் வேலையையும் அது தடுத்துவிட்டது. யாரும் சோதிக்காத வரியை வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஹைக்கூ இயங்குதளத்துக்கு ஒருவர் பேட்ச் அனுப்பியிருக்கிறார். என்னிடம் அந்தக் கணினி இல்லை. சேர்க்கலாமா அண்ணா?

பதில்: முதலில் நன்றி சொல்லி இன்றே பதில் போடுங்கள், காக்க வைக்காதீர்கள். மாற்றம் ஒரே மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிதறியிருந்தால் எங்கே வைக்கலாம் என்று நீங்களே காட்டுங்கள். பிறகு, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சொல்வாரா என்று கேளுங்கள். சரி என்றால் ஆவணத்தில் 'ஹைக்கூ: பயனர் சோதிப்பது' என்று தனியாக எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.