துபாயிலிருந்து வந்த ஆண்ட்ராய்டு ஃபோனில் ஜியோ நெட் நன்றாக ஓடுகிறது, கால் மட்டும் போகவில்லை, வரவுமில்லை. களியக்காவிளையில் வீடு என்பதால் கேரள டவர் பிடித்துவிடுகிறது என்கிறார் கடைக்காரர். சரியா?

டவர் காரணமில்லை. அதே சிம்மை வீட்டிலுள்ள வேறொரு ஃபோனில் போட்டுப் பாருங்கள். அதில் கால் போனால் சிம்மும் டவரும் சரி, கோளாறு ஃபோனில்தான்.

ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோதே 2ஜி, 3ஜி இல்லாமல்தான் வந்தது. பேச்சும் டேட்டாவாகவே போக வேண்டும். அதுதான் வோல்ட்டி (VoLTE). டவர் கிடைத்து நெட் வந்த பிறகும், ஐஎம்எஸ் என்கிற பேச்சுக்கான சர்வரில் ஃபோன் தனியாகப் பதிவாக வேண்டும். எந்தக் கம்பெனி சிம்முக்கு எப்படிப் பதிவது என்பதை ஃபோன் தயாரித்தவர்களே மென்பொருளில் போட்டுவைக்கிறார்கள். வளைகுடாச் சந்தைக்கான சில மாடல்களில் ஜியோவுக்கான அமைப்பே இருக்காது. நெட் இணைப்புக்கான அமைப்பாகிய ஏபிஎன்னை மாற்றி மாற்றிப் போட்டாலும் இது வராது.

உறுதிப்படுத்த ஒரு வழி: அந்த ஃபோனில் ஏர்டெல் சிம் போட்டு டயல் செய்யுங்கள். 4ஜி குறி 2ஜி நெட்டைக் காட்டும் 'E' ஆக மாறி, பேசும்வரை நெட் நின்று, குரலும் அடைத்தாற்போல் கேட்டால் கால் 2ஜியில் விழுந்திருக்கிறது. 2ஜியில் சுமார் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் போகும். வோல்ட்டியில் சாதாரணமாக 7000 வரை போகும், காதுக்கே தெரியும். *#*#4636#*#* டயல் செய்தால் பல ஃபோன்களில் ஐஎம்எஸ் பதிவு நிலையையே பார்க்கலாம். சில தயாரிப்புகளில் இது திறக்காது.

சரிசெய்ய: சிம் செட்டிங்கில் வோல்ட்டி சுவிட்ச் இருந்தால் ஆன் செய்யுங்கள். சிம்மை முதல் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பழைய இரட்டை சிம் ஃபோன்கள் பலவற்றில் இரண்டாவது ஸ்லாட்டுக்கு 4ஜியே கிடையாது. மென்பொருள் அப்டேட் செய்து, நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் செய்து, ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சுவிட்சே காட்டவில்லை, அப்டேட்டும் இல்லை என்றால் அந்த ஃபோனில் ஜியோ பேச்சை மறந்துவிடலாம். பேச ஏர்டெல், நெட்டுக்கு ஜியோ என்று பிரித்துக்கொள்ளுங்கள், 2ஜி இருக்கும்வரை ஓடும்.

டவருக்குப் பதில் வைஃபை வழியாகக் கால் போகும் வைஃபை காலிங் காப்பாற்றுமா என்றால், அதுவும் அதே ஐஎம்எஸ்ஸை நம்பியதுதான். வோல்ட்டி சரியாக ஓடும் ஃபோனில், பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் சிக்னல் நூலாக வரும் இடத்துக்கு அருமையான வசதி. அங்கே வைஃபை இருந்தும் கால் போகாவிட்டால், ரவுட்டரின் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால், வைஃபை கால் போகும் வழிகளான யுடிபி 500, 4500 போர்ட்டுகளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐஃபோனில் இந்தத் தொல்லை குறைவு: 6 முதல் வோல்ட்டி உண்டு, 5எஸ்ஸில் கிடையாது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பழைய ஃபோன் வாங்கினால், நெட் ஓடுகிறதே என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் செய்து, பேசும்போது 4ஜி குறி அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.