அறுவை சிகிச்சைக்கு முன் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. மாதவிடாய் நின்று 5 ஆண்டுகள் ஆகின்றன. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ள இருக்கிறேன். அதிக இரத்தம் வெளியேறினால் இதயம் தளரும் என்றும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதைத் தடுக்கும் என்றும் படித்தேன். முன்கூட்டியே அந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது.

ஏராளமான இரத்தம் வெளியேறும்போது இதயத் தசைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்து, அதன் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் தளர்ந்துபோகின்றன. இரத்தப்போக்கை நிறுத்தி, திரவம் ஏற்றி, இரத்த அழுத்தத்தை மீட்ட பிறகும் இந்தத் தளர்ச்சி உடனே நீங்குவதில்லை. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் பெருகுவதால், இதயம் சுருங்கி விரியும் வலிமை பல மணி நேரம் குன்றியே இருக்கக்கூடும். அமெரிக்காவின் பர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் இர்ஷத் சௌத்ரியின் குழுவினர் இதை எலிகளிடம் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். வயிற்றைக் கீறி, சராசரி இரத்த அழுத்தத்தை 35 முதல் 40 மி.மீ. வரை இறக்கி, ஏறத்தாழ 90 நிமிடம் அப்படியே வைத்திருந்து, பிறகு திரவம் ஏற்றுவது அவர்களுடைய முறை. அந்த நேரத்தில் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை செலுத்தப்பட்ட ஆண் எலிகளின் இதயம் விரைவில் தேறியது. செலுத்தப்படாதவற்றின் இதயம் தளர்ந்தே இருந்தது. இதயத் தசையில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பிகளை மருந்தால் அடைத்தபோது அந்தப் பயன் மறைந்துவிட்டது. ஏற்பிகள் தூண்டப்படும்போது செல்களைச் சிதையாமல் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பெருகுகின்றன, அழற்சி தணிகிறது. ஆண் ஹார்மோனின் செயலை மருந்தால் தடுத்தபோதும் ஆண் எலிகளின் இதயம் தேறியது என்பதால், பெருமை முழுவதையும் ஈஸ்ட்ரோஜனுக்கே கொடுத்துவிடவும் முடியாது.

இவை அனைத்தும் உயிருக்குப் போராடும் தருணத்தில் ஊசி வழியே ஒருமுறை செலுத்தப்பட்ட மருந்தைப் பற்றிய முடிவுகள். விபத்தில் காயமடைந்த பெண்கள் ஆண்களைவிட நன்றாகத் தேறுகிறார்களா என்று மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்களோ ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நாள்தோறும் விழுங்கும் மாத்திரையின் கதை முற்றிலும் வேறு. மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டின் என்ற மற்றொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக் கட்டி, மார்பகப் புற்றுநோய் ஆகியவை கூடியதால் 2002-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சையே கால் சிரைகளில் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுவது. அதன்மேல் இந்த மாத்திரையையும் சேர்ப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

உங்கள் அச்சத்துக்கு வேறு வழி உண்டு. இப்போதே ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, இரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே அறுவை சிகிச்சைக்கு நாள் குறியுங்கள். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் இவ்வகை அறுவை சிகிச்சைகளில் பரவலாகப் பயன்படுகிறது. உங்களுக்கு ஏற்றதா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஏதேனும் ஹார்மோன் மாத்திரையோ இரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்திவிடாமல் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.