லைன் வேகமாக இருந்தும் டவுன்லோடு ஏன் மெதுவாகத் தொடங்குகிறது?

முதல் ஓரிரு நொடி மட்டும் வேகம் குறைவாக இருக்கிறதே, இணையத்தில் டேட்டாவை அனுப்பும் விதிமுறையான டிசிபியில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே டேட்டா வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. இடைப்பட்ட தூரம் வெறும் 400 கெஜம். 40 பிட் என்றால் நொடிக்கு 5 ஆங்கில எழுத்து. நல்ல டைப்பிஸ்ட் ஒருவர் தட்டும் வேகம்தான்!

அன்றைய டிசிபி, இணைப்பு கிடைத்ததும் மறுமுனை அனுமதித்த அளவு முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். வழியிலுள்ள ரவுட்டரின் வரிசை நிரம்பி, பாக்கெட்டுகள், அதாவது டேட்டாவின் சிறு துண்டுகள், தொலையும். தொலைந்ததோடு, வரிசையில் இன்னும் காத்திருப்பதையும் சேர்த்து மறுபடி அனுப்பும். நெரிசல் நெரிசலையே வளர்த்தது.

இதற்கு வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் கண்ட தீர்வு 1988-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. முதலில் 1 பாக்கெட் அனுப்பு. 'வந்து சேர்ந்தது' என்று பதில் வந்தால் 2, அப்புறம் 4, 8. தொலைந்தால் வேகத்தைக் குறை. ரவுட்டர்களில் கையே வைக்காமல், அனுப்பும் கணினியை மட்டும் திருத்தி இதைச் சாதித்தார்கள். எனக்கு இன்றும் வியப்புதான்.

இப்போது பெரும்பாலும் 10 பாக்கெட்டில் தொடங்கும். சரி, உங்கள் பிங், அதாவது பாக்கெட் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம், 200 மில்லிநொடி என்று வையுங்கள். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரு பதில் வர வேண்டும் என்பதால், ஐந்து முறை இரட்டித்து 320 பாக்கெட்டைத் தொட 1 நொடி ஆகும். அதனால் லைன் வேகத்தோடு பிங்கையும் பாருங்கள்.